எலும்பு முறிவு பற்றிய ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி?

ஆபரேஷன் வேண்டுமா, கட்டுப் போட்டாலே போதுமா என்று தேடி ஒரு ஆய்வைத் திறந்தால், தயவுசெய்து நேராக முடிவுரைக்குப் போகாதீர்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், எதை அளந்தார்கள்? இதில்தான் நேரம் செலவிட வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு நேராகக் கூடியிருப்பது வேறு, அந்தக் கையால் வலியில்லாமல் சட்டை மாட்ட முடிவது வேறு. பிரிட்டனில் நடந்து 2015-இல் வெளியான பிராஃபர் ஆய்வில், தோளருகே மேற்கை எலும்பு முறிந்து விலகிய 250 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள், மற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமல் கையைத் தொங்கவிடும் ஸ்லிங் போட்டார்கள். வலி எப்படி, கையால் என்ன செய்ய முடிகிறது என்று நோயாளியே பதில் சொல்லும், 48 மதிப்பெண் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு தோள்பட்டை அளவுகோலில் 2 ஆண்டுகளில் சராசரி வித்தியாசம் 1 மதிப்பெண்கூட இல்லை. நோயாளி உணரக்கூடிய வித்தியாசம் என்றால் 5 மதிப்பெண்ணாவது வேண்டும் என்று முன்கூட்டியே வைத்திருந்தார்கள். எந்த ஆய்விலும் இப்படி ஒரு எல்லை இருக்கிறதா என்று தேடுங்கள், புள்ளியியல்படி வித்தியாசம் உண்டு என்பது மட்டும் போதாது.

ஆனால் மூட்டு விலகியவர்களையும் எலும்பு தோலைக் கிழித்து வந்தவர்களையும் பிராஃபர் ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு இந்த முடிவைச் சொல்லக் கூடாது.

எத்தனை காலம் கவனித்தார்கள் என்பதையும் பாருங்கள். மூட்டுக்குள் போன முறிவில் தேய்மானம் தெரிய பல வருடங்கள் ஆகலாம், ஒரு வருட ஆய்வு அதைக் காட்டாது. பாதியில் விலகியவர்கள் அதிகம் என்றால் சந்தேகப்படுங்கள்.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: என் முறிவு இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டிருக்குமா?