கண்ணைச் சொல்லி ராகத்தை மறந்தேன்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்பின் ராமநவமிக் கச்சேரிகளில் மேடை அறிவிப்பு பல ஆண்டுகளாக என் பொறுப்பு. ஒருமுறை பார்வையற்ற பாடகர் ஒருவரை, "கண் இல்லாவிட்டாலும் கலைக்கண் பெற்றவர்" என்று அறிமுகப்படுத்தினேன். பலத்த கைதட்டல். அவர் மைக்கை நெருங்கி, "இன்று பிரதான ராகம் தோடி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். அவருடைய குருவின் பெயரைக்கூட நான் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மாற்றுத்திறனாளி கலைஞர்களை அழைக்கும் சபாக்கள் பெரும்பாலும் அறிமுகத்தில்தான் தவறுகின்றன. குறையை முதலில் சொல்லிவிட்டால் ரசிகர் இரக்கத்தோடுதான் கேட்பார். ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவல் சறுக்கினாலும் பாராட்டுவார். அபாரமாக அமைந்தாலும் "பாவம், எவ்வளவு பாடுபட்டிருப்பார்" என்பார். இரண்டிலும் பாட்டு காணாமல் போகிறது. கும்பகோணம் சரப சாஸ்திரி சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். கர்நாடக இசையில் புல்லாங்குழல் கச்சேரி வாத்தியமாக நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பல்லடம் சஞ்சீவ ராவ் அவருடைய சீடர். இத்தனையும் இருக்க, அவரைப் பற்றிய பேச்சைக் கண்ணிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

அதற்காக உடல்நிலையைப் பேசவே கூடாது என்று வாயடைத்துக்கொள்வதும் தவறுதான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாள வாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளெனி பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெருமளவு இழந்தவர். வெறுங்காலுடன் மேடையேறி, அதிர்வுகளை உடலால் உணர்ந்து வாசிக்கிறார். அந்த வெறுங்கால் அவருடைய இசையைச் சேர்ந்தது. ஆனால் செவித்திறனை வைத்தே தம்மை அடையாளப்படுத்துவதை அவர் விரும்புவதில்லை.

அப்படியானால் எதைச் சொல்வது? கலைஞரையே கேட்டுவிடுங்கள். அந்தத் தோடிப் பாடகரை மறுபடி அழைத்தபோது தொலைபேசியில் கேட்டேன். குருவின் பெயர், ஊர், எத்தனை ஆண்டு குருகுலவாசம் என்று வரிசையாகச் சொன்னார். "பார்வையைப் பற்றி ஏதாவது சொல்லலாமா, சார்?" என்றேன். "அதை நான் ஒரு விருத்தமாகவே எழுதி வைத்திருக்கிறேன். கடைசியில் பாடுகிறேன், கேளுங்கள்" என்றார். அதைச் சொல்லும் உரிமையும் நேரமும் அவருடையவை.

இந்த ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. மின்ரயிலில் பாடி வரும் பார்வையற்றவரை "சூர்தாஸ்ஜி" என்று கூப்பிடுவார்கள். மரியாதை என்றே நினைக்கிறார்கள். ஆனால் அது பார்வையற்றவராகச் சொல்லப்படும் ஒரு பக்திக் கவிஞரின் பெயர். எதிரில் நிற்பவருக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. கேட்டால் சொல்வார்.

சோகப் பாட்டைத்தான் பாடுவார்கள் என்ற எதிர்பார்ப்பையும் விட்டுவிட வேண்டும். பிறவியிலேயே பார்வையற்ற ரவீந்திர ஜெயின் இதே மும்பையில் திரைப்படங்களுக்கு இசையமைத்தார், பாடல்களும் எழுதினார். 1976-இல் வெளிவந்த 'சித்சோர்' படத்தில் யேசுதாஸ் பாடிய கிராமத்துப் பாடலின் சொல்லும் மெட்டும் அவருடையவை. அதில் துள்ளுவது காதலும் குறும்பும்.

மேடை ஏற்பாடு தனி விஷயம். சக்கர நாற்காலியில் வருபவரை நான்கு பேர் தூக்கி மேடையேற்றி, அதைப் படமும் எடுக்கிறார்கள். மரப்பலகையில் ஒரு சாய்தளம் செய்ய அரை நாள் போதும். மிருதங்கக்காரருக்குப் பார்வை இல்லையென்றால், அவர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குக் கண்ணால் ஜாடை காட்டிப் பயனில்லை. பாடகர் வாயால் சொல்லலாம். தாளத்தைத் தொடையில் ஓசை கேட்கும்படி போடலாம். இதைக் கச்சேரிக்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள்.

சன்மானத்துக்கு வருகிறேன். "வாய்ப்புக் கொடுத்ததே பெரிது" என்று பொன்னாடையும் பழத்தட்டுமாக அனுப்பிவைப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மனம் கொதிக்கிறது. அதே மேடையில் மற்ற பாடகருக்கு என்ன தொகையோ, இவருக்கும் அதே தொகை. துணைக்கு வருபவரின் பயணச் செலவு அதற்கு மேல், தனி உறையில்.