லக்சரி பிராண்ட் கடையில வேலைக்குச் சேரப் போறீங்களா, இதைப் படிச்சுட்டுப் போங்க

பெங்களூரு யூபி சிட்டி, டெல்லி டிஎல்எஃப் எம்போரியோ, மும்பை ஜியோ வேர்ல்ட் பிளாசா மாதிரி இடங்கள்ல பெரிய பிராண்ட் ஷோரூமுக்கு அப்ளை பண்ற பசங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "அக்கா இங்கிலீஷ் சரளமா வராதே, எடுப்பாங்களா?" எடுப்பாங்க, இங்கிலீஷ் பேசப் பேச வந்துடும். பொருளைப் பத்தித் தெரியாம கஸ்டமர் முன்னாடி முழிச்சா தான் கஷ்டம், அதனால சேர்ந்த புதுசுல முழு கவனமும் அதுலயே இருக்கட்டும்.

லூயி வித்தான் மோனோகிராம் பேக்கையே, அதாவது எல்வி எழுத்தும் பூவும் போட்ட பேக்கையே எடுத்துக்கோங்க. பாதிப் பேர் அது முழுக்க லெதர்னு நினைச்சுட்டு வருவாங்க, ஆனா அது கோட்டிங் போட்ட கேன்வாஸ், டிசைன் 1896ல வந்தது. ஸ்பீடி மாதிரி பழைய மாடல்ல கைப்பிடியும் ஓரமும் மட்டும் தான் லெதர், வச்செட்டானு சொல்வோம், புதுசுல வெளிர் சந்தன நிறத்துல இருக்கும், வெயிலும் கை எண்ணெயும் பட்டுப் பட்டு தேன் கலருக்கு மாறிடும், ஒரு சொட்டு தண்ணி விழுந்தாலும் திட்டு விழும். "இது லெதரா?"னு கேட்டா இல்லைன்னு நேரா சொல்லிட்டு, வெயிட் கம்மி, கேன்வாஸ் மழைக்குத் தாங்கும், லெதர் பாகத்துல தான் தண்ணி படாம பாத்துக்கணும்னு சேத்து சொல்லுங்க. மழுப்பி வித்தீங்கன்னா ஆறு மாசத்துல கறையோட திரும்பி வருவாங்க, அப்புறம் உங்ககிட்ட வாங்கவே மாட்டாங்க. ஷனேல்லயும் இதே கதை தான், லாம்ப்ஸ்கின்ங்கிற ஆட்டுக்குட்டித் தோல் தொட்டா வெண்ணெய் மாதிரி இருக்கும் ஆனா நகம் பட்டாலே கீறல், தினமும் ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போறவங்களுக்கு சொரசொரப்பா இருக்குற கேவியர் லெதரைக் காட்டுங்க.

எடுத்துக் காட்டும்போது உங்க மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க, லெதர்ல கோடு போட்டுடும். ஒரே நேரத்துல மூணுக்கு மேல டேபிள்ல பரப்பாதீங்க, குழம்பிப் போய் "யோசிச்சுட்டு வரேன்"னு கிளம்பிடுவாங்க. பேக் உள்ள அடைச்சிருக்குற பேப்பரை எடுத்துட்டு தோள்ல மாட்டி கண்ணாடி முன்னாடி நிக்க வைங்க. விலை கேட்டா விலையைச் சொல்லிட்டு பேசாம நில்லுங்க, "கொஞ்சம் காஸ்ட்லி தான் மேடம்"னு நீங்களா சேக்காதீங்க. போட்டிருக்குற செருப்பைப் பாத்து ஆளை எடை போடுறவங்க இந்தத் தொழிலுக்கு லாயக்கே இல்லைங்கிறது என் தீர்மானமான கருத்து.

பில் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிடுங்க. 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக் கூடாது, அது சட்டம். 2025 ஏப்ரல் 22ல இருந்து 10 லட்சத்துக்கு மேல போற ஹேண்ட்பேக், வாட்ச், ஷூ மாதிரி பொருளுக்கு 1% டிசிஎஸ், அதாவது விக்கும்போதே கடை வாங்கி அரசுக்குக் கட்டுற வரி, பிடிக்கிறோம், அதை ஐடி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம்னும் சொல்லணும், கார்டை நீட்டினதுக்கு அப்புறம் சொன்னா முகம் மாறிடும்.

உடம்பைப் பாத்துக்கோங்க. நாள் பூரா நிக்கிற வேலை, யூனிஃபார்ம் ஷூவுக்குள்ள நல்ல இன்சோல் போடுங்க, தண்ணி குடிக்காம இருக்காதீங்க. காலையிலயும் ராத்திரியும் ஸ்டாக் கவுண்ட் இருக்கும், வெளிய போகும்போது உங்க பையை செக்யூரிட்டி பாப்பாங்க, எல்லாருக்கும் ஒரே ரூல் தான், மனசுல வச்சுக்காதீங்க.

நிலைச்சு நிக்கணும்னா கிளையன்ட் நோட் முக்கியம். அன்னைக்கு வந்தவங்களைப் பத்தி அன்னைக்கே கடை சிஸ்டத்துல ஏத்துங்க: பொண்ணு கல்யாணம் எந்த மாசம், எந்த கலரைக் கையில எடுத்துட்டு திரும்ப வச்சாங்க, ஷூ சைஸ் என்ன. அந்த கலர் வந்ததும் ஒரு போட்டோ அனுப்பினா போதும், முக்கால்வாசி சேல் அப்படித்தான் முடியுது. ஆனா கணவர் வாங்கினதை மனைவிகிட்ட வாய் தவறியும் சொல்லாதீங்க, அவரா சொன்னா சொல்லட்டும்.

இன்டர்வியூல சம்பளத்தோட நிறுத்தாம, இன்சென்டிவ் தனி ஆளுக்கா டீமுக்கா, கஸ்டமர் பொருளை ரிட்டர்ன் பண்ணா அந்த இன்சென்டிவைப் பிடிப்பாங்களான்னு கேட்டு, ஆஃபர் லெட்டர்லயே எழுதி வாங்கிக்கோங்க.