கீமோ முடிஞ்சு வீட்லயே இருக்கீங்களா? போனை எடுத்துக்கிட்டு சென்னை ரெட்டேரி ஏரி பக்கம் போங்க

கீமோ, பெரிய ஆபரேஷன்னு முடிச்சுட்டு வந்தா உடம்பு தேறினாலும் மனசு தேற ரொம்ப நாள் ஆகுது, எனக்கு அதுக்கு கை கொடுத்தது போன் கேமராவும் பறவைங்களும் தான். டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு காலைல வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க, சில கீமோ மருந்துக்கு தோல் வெயிலே தாங்காது, அதனால தொப்பி, முழுக்கை சட்டை கண்டிப்பா வேணும். நடக்க தெம்பில்லன்னா மொட்டை மாடியே போதும், செம்பருத்திக்கு தேன்சிட்டு வரும்.

தெம்பு வந்ததும் ரெட்டேரி. கரையில ஒரே இடத்துல உக்காந்துடுங்க, நீலத் தாழைக்கோழி அந்த சிவப்பு காலை தூக்கி தூக்கி வச்சு ஆகாயத்தாமரை நடுவுல நடந்து வரும், ஸ்கிரீன்ல அது மேல அழுத்திப் புடிச்சா ஃபோகஸ் லாக் ஆயிடும், அப்புறம் விரலை கீழ இழுத்து வெளிச்சத்தை கொஞ்சம் குறைங்க, அப்ப தான் அந்த நீலம் வெளுக்காம வரும். கை நடுங்குதா, முழங்கையை முட்டி மேல ஊனிக்கோங்க. அது அடுத்த அடி வைக்கிற வரைக்கும் காத்துட்டு இருக்கும்போது ஸ்கேன் ரிப்போர்ட் நெனப்பே வராது, நெஜமா சொல்றேன்.

தேங்கின தண்ணி, சேறுல மட்டும் கால் வைக்காதீங்க, எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்குற நேரம்.