முன்சக்கரம் பிடித்துக்கொண்டது: பிரேக் ஹோஸ் மாற்றிய என் அனுபவம்

பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் எங்கள் பழைய டீசல் எஸ்யூவியின் இடது முன்சக்கரம் விடாது. வண்டி இடப்பக்கம் இழுக்கும். திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போய் இறங்கினால் அந்த ரிம்மில் கை வைக்க முடியாது. கொஞ்ச நேரம் நிறுத்தினால் தானாக விட்டுவிடும்.

பிரேக் பேட் மாற்றினேன். சக்கரத்தோடு சுற்றும் தட்டில் பேடை அழுத்தும் காலிப்பரைப் பிரித்து சீல் மாற்றினேன். பலனில்லை. மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். நல்லவேளை, அதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். சக்கரம் பிடித்திருக்கும்போதே, ஹோஸுக்கு (காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) மேலே இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்தினோம். சக்கரம் அசையவில்லை. காலிப்பரின் பிளீடரை (காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சிறு திருகு) திறந்ததும் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுற்றியது. அப்படியென்றால் அடைப்பு ஹோஸுக்குள்தான்.

வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. கழற்றியபோதுதான் தெரிந்தது: ஹோஸைப் பிடித்திருக்கும் தகட்டுப் பட்டைக்குள் வாய்க்கால் சேறு தங்கி, துரு பருத்து, ரப்பரை நெரித்திருந்தது. மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும்; திரும்பி வர வழியில்லை. வயல்பக்கம் ஓடும் வண்டிகளில் அந்தப் பட்டையை அவசியம் பாருங்கள்.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மூன்றையும் எஃகுப் பின்னல் போட்ட ஹோஸாக மாற்றினேன். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் போட்டால்தான் நட்டின் முனை மழுங்காது. செம்பு வாஷர் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்திலுள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கி, குழாய்களுக்குள் இருந்த காற்றை எடுத்தோம். ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்தோம். இப்போது கும்பகோணம் போய் இறங்கினாலும் இரண்டு முன் ரிம்மும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. பெரிய நிம்மதி.