லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) கீமோ: ரத்தம் எப்போது தேவைப்படும்?
ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கீமோ போட்ட தேதி, ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஹீமோகுளோபின், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) எவ்வளவு என்று எழுதி வாருங்கள். 21 நாள் சுற்றில் பெரும்பாலும் கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள்தான் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும்; ஆரம்பத்திலேயே ரத்தசோகை, எலும்பு மஜ்ஜையிலும் நோய், போன சுற்றிலும் ரத்தம் ஏற்றினார்கள் என்றால் இந்த முறையும் தேவைப்பட வாய்ப்பு அதிகம்.

ஹீமோகுளோபின் 7, பிளேட்லெட் 10,000, இவற்றுக்குக் கீழே போனால் பொதுவாக ஏற்றச் சொல்வார்கள். மூச்சு வாங்கினாலோ ரத்தக்கசிவு இருந்தாலோ அதற்கு முன்பேகூட.

அம்பை, வள்ளியூரிலிருந்து பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் 7ஆம் நாளே உள்ளூரில் டெஸ்ட் எடுத்துவிடுங்கள், கடைசி நேர அலைச்சல் மிச்சம். அப்புறம், ரத்தம் கொடுக்கச் சொந்தபந்தத்தை ஒரே நாளில் மொத்தமாக வேனில் கூட்டி வராதீர்கள், எடுத்து வைத்த பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும். ஹாட்ஜ்கின் வகை லிம்போமாவா? கதிர்வீச்சு செய்த ரத்தம் (ஏற்றும் முன் ரத்தப் பையைக் கதிர்வீச்சில் வைத்தது) வேண்டுமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.