செல்போன் படம், தீப்பெட்டி அட்டை, ஒரு பாடவேளை: படத்தை வைத்து வகுப்பு எடுப்பது எப்படி?

பிள்ளைகளை ஆறு வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் நீலப் பட்டை. காலையில் தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வகுப்புக்கு வந்த பிள்ளையும் இதையேதான் வரையும். படித்துறை, அதில் காயும் துணி, எருமை, கரையோர வாழைத்தோட்டம் எதுவும் தாளுக்கு வருவதில்லை. பள்ளிக்கூடத்துப் படத்துக்கும் தன் ஊருக்கும் சம்பந்தமில்லை என்று எப்படியோ பழகிப்போயிருக்கிறது.

இதை மாற்ற விலைகூடிய டி.எல்.எம். (கற்பிக்க உதவும் துணைப்பொருள்) எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் செல்போன், சொன்னதைக் கேட்கும் ஒரு ஜெராக்ஸ் கடை, குப்பைக்குப் போகவிருந்த நாலு அட்டை போதும். 4, 5-ஆம் வகுப்புகளுக்கு நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். கேமராவை எப்படித் திறப்பது என்பதிலிருந்து தொடங்கப்போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

படி 1: எதை எடுப்பது

அழகான படம் தேடாதீர்கள். நெல்லையப்பர் கோயில் கோபுரத்தைக் காட்டினால் "கோயில் சார்" என்பார்கள், முடிந்தது. அல்வாக் கடைக்கும் அதே கதிதான். படத்துக்குள் ஒரு வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது நடந்து முடிந்த தடயமாவது இருக்க வேண்டும்.

பழைய விலையை அழித்து மேலேயே புது விலை எழுதிய டீக்கடைப் பலகை நல்ல படம். பத்தமடையில் தறியில் பாதி நெய்து நிற்கும் கோரைப் பாய், இன்னும் நல்ல படம். வள்ளியூர், பணகுடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு புதையலே இருக்கிறது: காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் ஊர்ந்து போகும் லாரி. அது எவ்வளவு நீளம் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். ஒரு பேருந்து ஏறத்தாழ 12 மீட்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு, இந்த இறக்கைக்குப் பக்கத்தில் எத்தனை பேருந்தை வரிசையாக நிறுத்தலாம் என்று கேளுங்கள். கணக்குப் பாடவேளை அதிலேயே ஓடிவிடும்.

ஒவ்வொன்றையும் மூன்று தூரத்தில் எடுங்கள்: தள்ளி நின்று, கிட்டே போய், மிகக் கிட்டே போய். எது வேலைக்காகும் என்பது எடுக்கும்போது தெரியாது. உச்சிவெயிலில் எடுத்தால் நிழல் கறுத்து, பாதிப் படம் காணாமல் போகும். காலை ஒன்பதுக்கு முன்னால் அல்லது சாயங்காலம் நல்லது.

முகம் வேண்டாம். கேட்டு எடுத்தாலும் வேண்டாம் என்பது என் கட்சி. கைகளை எடுங்கள். வேலை கையில்தான் தெரியும். அப்புறம் யாருடைய அம்மா என்ற பேச்சும் கிளம்பாது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பள்ளிகளில் பீடித் தட்டைப் படமாகக் காட்டினால் வகுப்பே பேசும். இலையை நனைப்பது, அளவு வைத்து வெட்டுவது, தூளை அள்ளிப்போடுவது, நூல் சுற்றுவது, கட்டு எண்ணுவது எல்லாம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் "நீயும் சுத்துவியா?" என்று மட்டும் வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் எந்தப் படத்துக்கும் வாய் திறக்காது. அப்படி ஏதும் இருப்பதாகத் தெரிந்தால் அது தனியாக, வீட்டாரோடு பேச வேண்டிய விஷயம்.

படி 2: எடுக்காமலே கிடைக்கும் படங்கள்

தீப்பெட்டி, உரச்சாக்கு, விதைப் பாக்கெட், தினசரி காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட். ஒரு செருப்புப் பெட்டியை வகுப்பில் வைத்து, வீட்டிலிருந்து ஆளுக்கொன்று போடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பெட்டி நிறைந்துவிடும்.

எனக்குப் பிடித்தது தீப்பெட்டிதான். கோவில்பட்டியும் சிவகாசியும் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு விதவிதமாகக் கிடைக்கும். தீக்குச்சிப் பெட்டியில் ஏன் அணில், ஏன் சாவி, ஏன் பூ? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடையில் எப்படிக் கேட்டு வாங்கியிருப்பார்கள்? இதைப் பிள்ளைகளே பேசிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களும் பாடம்தான், ஆனால் வேறு மாதிரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தபோது எல்லார் செல்போனும் வெள்ளப் படங்களால் நிறைந்தது. அப்படி வரும் ஒரு படத்தைக் காட்டி, 'இது நம்ம ஊர்தானா?' என்று மட்டும் கேளுங்கள். கடைப்பலகையில் என்ன மொழி? வண்டி எண் என்ன? டி.என். 72 என்றால் திருநெல்வேலி, 69 தூத்துக்குடி, 74 நாகர்கோவில், 76 தென்காசி. இது ஐந்தாம் வகுப்புப் பையன்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நம்பர் மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, தூத்துக்குடி வண்டி ஜங்ஷனுக்கு வராதா என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். கேட்கட்டும். கடைசியில் கூகுள் லென்ஸில் போட்டு, அதே படம் இதற்கு முன்னால் வேறெங்காவது வந்திருக்கிறதா என்று காட்டுங்கள். லென்ஸை முதலிலேயே திறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வேலையில்லை.

படி 3: சேமிப்பது

செல்போனில் 'வகுப்பு' என்று ஒரு ஃபோல்டர். பாடவாரியாகப் பிரிக்காதீர்கள், ஒரே படம் கணக்குக்கும் வரும், தமிழுக்கும் வரும். போதும்.

படி 4: அச்சு

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். செல்போனில் பளிச்சென்று இருக்கும் படம் கடையிலிருந்து வரும்போது கறுத்து, மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு வரும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து செய்யும் வேலை இது.

முதல் காரணம் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிக்கு (பிக்சலுக்கு) கொண்டுவந்துவிடும். ஏ4 தாளுக்கு அது ஒப்பேறும். ஏ3 தாளின் நீளம் பதினாறரை அங்குலம். வகுத்துப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு நூறு புள்ளிகூட இல்லை. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 150 அளவில் இருந்தால் நல்லது. அதனால் படமாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்புங்கள். ஒட்டுவதற்கான கிளிப் குறியைத் தொட்டால் வரும் பட்டியலில் இருக்கும். 2023-இல் வந்த எச்.டி. வசதியும் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அதை அழுத்த ஞாபகம் இருக்காது.

இரண்டாவது, செல்போன் படத்தின் வடிவம் வேறு, தாளின் வடிவம் வேறு. கடைக் கணினியில் நேரடியாக பிரிண்ட் கொடுத்தால் தாளை நிரப்புவதற்காக அதுவே ஓரத்தை வெட்டிவிடும். நமக்கு வேண்டிய வண்டி நம்பர் அந்த ஓரத்தில்தான் இருக்கும். கேலரியிலேயே பிரிண்ட் கொடுத்து, ஓரம் முழுதாக வருகிறதா பார்த்து, பிரிண்டருக்குப் பதில் பி.டி.எஃப். ஆகச் சேமித்து, அதை அனுப்பிவிடுங்கள். "அண்ணாச்சி, பி.டி.எஃப். அனுப்பிருக்கேன், அப்படியே போடுங்க" என்றால் வேலை முடிந்தது.

மூன்றாவது, திரை தானாக ஒளிவிடும், தாள் விடாது. அனுப்பும் முன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், திரையில் 'வெளுத்துப்போச்சே' என்று தோன்றும் அளவுக்கு. ஸ்நாப்சீட் என்ற படம் திருத்தும் செயலி இதற்குப் போதும், காசில்லை. கேன்வாவில் கொண்டுபோய்ப் பூப்போட்ட சட்டமும் தலைப்பும் சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தலைப்பு ஏன் கூடாது என்பது அடுத்த படியில்.

கலருக்குக் காசில்லை என்றால் கறுப்பு வெள்ளையிலேயே எடுங்கள். ஆனால் செல்போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கி, தெளிவாக இருக்கிறதா பார்த்துவிட்டு அனுப்புங்கள். பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதி வகுப்புக்குப் படம் வெறும் வெள்ளைப் பளபளப்பாகத்தான் தெரியும்.

படி 5: கேட்பது

படத்தை மாட்டுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் முழுதாக வாயை மூடிக்கொண்டு நிற்பது ஆசிரியருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரியும். கரும்பலகையில் தலைப்பும் எழுதக் கூடாது. 'வெள்ளம்' என்று எழுதிவிட்டால் நாற்பது பேரும் வெள்ளம் என்று மட்டுமே சொல்வார்கள்.

அப்புறம் மூன்று கேள்விகள். இவை என் சொந்தச் சரக்கல்ல. அமெரிக்காவில் அபிகெயில் ஹௌசன் என்ற ஆய்வாளரும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பிலிப் யெனவைனும் ஓவியம் பார்ப்பதற்காக உருவாக்கியவை. நான் நம்ம ஊர்ப் பேச்சில் கேட்கிறேன்: இந்தப் படத்துல என்ன நடக்கு? எத வச்சுச் சொல்லுத? இன்னும் என்ன தெரியுது?

இதில் உயிர் இரண்டாவது கேள்விதான். குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் ஒரு படத்தை மாட்டியிருந்தேன். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயில், வெள்ளம் ஏறினால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம், ஆறு, முருகன் என்று வரிசையாகப் பதில் வந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள்:

"தண்ணி வத்திக்கிட்டு இருக்கு சார்."

"எத வச்சுச் சொல்லுத?"

"தூண்ல ஈரம் மேல வரைக்கும் இருக்கு. தண்ணி அதுக்குக் கீழ நிக்கி."

அந்த ஈரக்கோடு அதுவரை என் கண்ணிலேயே படவில்லை. உடனே ஒருவன், "அது அலை அடிச்ச ஈரம் சார்" என்றான். சரி, யார் சொல்வது சரி? நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எல்லாரும் படத்துக்குக் கிட்டே வந்து தேடினார்கள். கைப்பிடிக் கம்பியில் தண்ணீருக்கு நல்ல உயரத்தில் செத்தை மாட்டிக்கிடந்தது. அலை அவ்வளவு உயரம் அடித்திருக்காது, தண்ணீர் அங்கே வரைக்கும் ஏறி இறங்கியிருக்கிறது என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். அறிவியல் புத்தகத்தில் 'உற்றுநோக்கல்' என்று இருப்பதை இதைவிட நன்றாக எனக்கு நடத்தத் தெரியாது.

பதில் தப்பாக இருந்தால் 'தப்பு' என்று சொல்ல வேண்டாம். அதே இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். ஆதாரம் இல்லையென்றால் பிள்ளையே பின்வாங்கிவிடும். பதில் சரியாக இருந்தாலும் அதையே கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால் அது மிரட்டலாகிவிடும்.

பேசி முடித்ததும் நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'நினைப்பது'. மூன்று வரி போதும். 'என் ஊர் ஆறு' என்று கட்டுரை எழுதச் சொன்னால் மறுபடியும் இரண்டு மலையும் அரைச் சூரியனும் வந்துவிடும்.

ஏ.ஐ. படம் போடலாமா என்று கேட்கிறார்கள். இந்த வகுப்புக்கு உதவாது. தூணில் ஈரம் ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு நடந்த காரணம் இருக்க வேண்டும். அந்தப் படத்தில் ஈரம் எங்கே இருந்தாலும் அது எதற்கும் சாட்சி இல்லை.

அடுத்தவர் எடுத்த படம் என்றால்

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அது வகுப்பறைக்கு. வகுப்பை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது வேறு கதை. அதற்கு உங்கள் சொந்தப் படமோ, விக்கிமீடியா காமன்ஸ் படமோ பயன்படுத்துங்கள். காமன்ஸ் படமென்றால் எடுத்தவர் பெயரையும் உரிம வகையையும் அச்சின் பின்பக்கம் எழுதிவையுங்கள், பிறகு தேட முடியாது.

பின்சேர்க்கை

திசையன்விளைப் பக்கத்து ஆசிரியை ஒருவர், தன் வகுப்பில் நாலு பேர்தான் பேசுகிறார்கள், மற்றவர்கள் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தார். பெரிய படத்தை மாட்டுவதற்குப் பதில் இருவருக்கு ஒரு சின்னப் படம் கொடுத்து, முதலில் விரலால் தொட்டுக் காட்ட மட்டும் சொல்லுங்கள் என்றேன். பனையில் கலயம் கட்டிய படத்தைக் கொடுத்தாராம். அதுவரை பேசாத ஒரு பையன் கலயத்தின் வாயைத் தொட்டுக் காட்டி, சுண்ணாம்பு தடவியிருக்கு, அப்போ பதனீர்தான், கள் இல்லை என்றானாம்.

இன்னொருவர் கேட்டது முக்கியமானது. டாகுமென்ட்டாக அனுப்பினால் படம் எடுத்த இடமும் அதற்குள்ளேயே சேர்ந்து போகும். சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதை நீக்கிவிடுகிறது, இதில் நீக்காது. யாருடைய வீட்டுத் திண்ணையில் எடுத்தோம் என்பது கடைக் கணினிக்குத் தெரிய வேண்டியதில்லை. கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்த படமென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். அளவு குறையும், ஆனாலும் ஏ4 தாளுக்கு ஒப்பேறும்.