டிஃபால்ட் ரூட்டும் ரூட் வடிகட்டலும்: இரு புரோட்டோகால்களின் எல்லையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் நெட்வொர்க் பிரிவுகளில் பணியாற்றும் தமிழ் இளைஞர்கள் பலர், ஒரு நிறுவனத்துக்குள் வழிகளைப் பரப்பும் ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகால் பற்றியோ, நிறுவனங்களுக்கிடையே பரப்பும் பிஜிபி பற்றியோ தனித்தனியாகக் கேட்டால் தெளிவாக விளக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே ரவுட்டரில் சந்திக்கும் இடத்தில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. எந்த ரூட் (ஒரு நெட்வொர்க்கை அடையும் வழி) எல்லையைத் தாண்டலாம், எது தாண்டக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கான வடிகட்டியை எழுதி முடித்த பிறகே, ஒரு புரோட்டோகாலின் ரூட்டுகளை மற்றொன்றுக்குள் செலுத்தும் ரீடிஸ்ட்ரிபியூட் கட்டளையைக் கொடுக்க வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழாவதால் வருபவை. கட்டளைகளையும் எண்களையும் சிஸ்கோ நிறுவன ரவுட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ் வழக்கப்படி எழுதுகிறேன். பிற நிறுவனங்களின் கருவிகளில் இவை மாறும்.

முதலில் டிஃபால்ட் ரூட். 0.0.0.0/0 என்ற ரூட்டை ஒரு ரவுட்டர் அறிவித்தால், வேறு வழி தெரியாத பாக்கெட்டுகள் அனைத்தையும் தன்னிடம் அனுப்பலாம் என்று அது பிற ரவுட்டர்களிடம் சொல்கிறது. எல்லாப் புரோட்டோகால்களும் இதை ஒரே விதமாகக் கையாளும் என்று எண்ணுவது பரவலான தவறு. கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரூட்டுகளை இஐஜிஆர்பி என்ற சிஸ்கோவின் புரோட்டோகாலுக்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தால் டிஃபால்ட் ரூட்டும் கூடவே போய்விடும். ஓஎஸ்பிஎஃபில் அது போகாது. ‘டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். பிஜிபியில், நெட்வொர்க் கட்டளையில் 0.0.0.0 என்று குறிப்பிட வேண்டும், அல்லது ரீடிஸ்ட்ரிபியூஷனோடு அதே டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் கட்டளையையும் சேர்க்க வேண்டும். இது தெரியாமல், ரூட் வரவில்லையே என்று வடிகட்டிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பவர்கள், இருந்த பாதுகாப்பையும் இழந்துவிடுகிறார்கள்.

அதைவிடத் தீமையானது, ரூட் வரவில்லை என்றவுடன் ‘ஆல்வேஸ்’ என்ற சொல்லைச் சேர்ப்பது. ஆல்வேஸ் இல்லாதபோது, தன்னுடைய ரவுட்டிங் டேபிளில் (பயன்படுத்தும் ரூட்டுகளின் பட்டியலில்) டிஃபால்ட் ரூட் இருக்கும் வரை மட்டுமே ரவுட்டர் அதை ஓஎஸ்பிஎஃபுக்குள் அறிவிக்கும். ஆல்வேஸ் இருந்தால், இன்டர்நெட் இணைப்பு செத்துப்போன பிறகும் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஒரு நிறுவனத்துக்கு ஒயிட்ஃபீல்டில் தலைமை அலுவலகமும் ஓசூரில் தொழிற்சாலையும் இருக்கின்றன, இரண்டிலும் தனித்தனி இன்டர்நெட் இணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓசூர் இணைப்பு அறுந்தாலும் அங்குள்ள எல்லை ரவுட்டர் ஆல்வேஸ் காரணமாக டிஃபால்ட் ரூட்டைத் தொடர்ந்து அறிவிக்கும். தொழிற்சாலையின் பாக்கெட்டுகள் அருகில் இருக்கும் அந்த ரவுட்டரையே நாடி வரும். அதனிடம் வேறு டிஃபால்ட் ரூட் இல்லையெனில் அங்கேயே கைவிடப்படும். ஒயிட்ஃபீல்டில் நல்ல இணைப்பு ஒன்று சும்மா கிடக்கும்போதே தொழிற்சாலை முடங்கி நிற்கும்.

ஆல்வேஸை எடுத்துவிட்டால் மட்டும் போதும் என்றும் நினைக்கக் கூடாது. பெங்களூருவில் சாலை தோண்டும்போது ஃபைபர் அறுபடுவது நாம் அடிக்கடி காணும் செய்தி. ஆனால் அறுபடுவது, ஃபைபரை ஈத்தர்நெட் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டருக்கு அப்பால். நம் ரவுட்டரின் ஈத்தர்நெட் போர்ட் பெரும்பாலும் எழுந்தே நிற்கும், ஆகவே ஸ்டாட்டிக் டிஃபால்ட் ரூட்டும் டேபிளில் அப்படியே இருக்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இன்டர்நெட் நிறுவனத்திடமிருந்து பிஜிபி மூலமாகவே டிஃபால்ட் ரூட்டைப் பெறுவது சிறந்தது. இணைப்பு போனால் பிஜிபி உறவு முறிந்து ரூட்டும் மறையும். அது இயலாவிட்டால், இணைப்பை இடைவிடாது சோதிக்கும் ஐபி எஸ்எல்ஏ வசதியைக் கொண்டு வெளியே ஒரு முகவரிக்குப் பிங் அனுப்பி, பதில் நின்றால் ஸ்டாட்டிக் ரூட்டை விலக்கும்படி அமைக்கலாம். இதிலும் இரு கவனங்கள் தேவை. பிங் போகும் இலக்கு எதிரே இருக்கும் இன்டர்நெட் நிறுவனத்தின் கேட்வே ரவுட்டராக இல்லாமல் அதற்கு அப்பால் இருக்க வேண்டும். அந்த இலக்குக்கு, சோதிக்கப்படும் இணைப்பின் வழியாகவே செல்லும், அந்த ஒரு முகவரிக்கு மட்டுமான /32 ரூட் ஒன்றையும் போட வேண்டும். போடாவிட்டால், முதல் இணைப்பு அறுந்ததும் பிங் இரண்டாவது இணைப்பின் வழியே போய் பதில் பெறும், செத்த ரூட் உயிர்பெறும், மீண்டும் விழும், மீண்டும் எழும்.

டிஃபால்ட் ரூட்டை ஓஎஸ்பிஎஃப் இ2 என்ற வெளி ரூட் வகையாக, மெட்ரிக் (வழியின் செலவு எண்; குறைந்ததே வெல்லும்) 1 என்று அறிவிக்கிறது. இரண்டு எல்லை ரவுட்டர்களும் அதே 1-ஐ அறிவித்தால், ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்துகொள்ளும். ஓசூர் இணைப்பு மாற்று ஏற்பாடு மட்டுமே என்றால், அங்கே மெட்ரிக்கை 100 போன்று உயர்த்தி எழுத வேண்டும்.

அடுத்தது, இரு புரோட்டோகால்களை இரண்டு ரவுட்டர்களில் இருபுறமும் கலப்பது. ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கிய இன்னொரு நிறுவனத்தின் பழைய தொழிற்சாலை, பெங்களூருவின் பீன்யாவில், வழியில் உள்ள தாவல்களை (ரவுட்டர்களை) எண்ணி வழி தேரும் ரிப் புரோட்டோகாலில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்; தலைமை அலுவலகம் ஓஎஸ்பிஎஃபில் ஓடுகிறது; இடையில் பாதுகாப்புக்காக இரண்டு எல்லை ரவுட்டர்கள். ரவுட்டர் ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் தரும் நம்பக எண் (அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ்) ரிப்புக்கு 120, ஓஎஸ்பிஎஃபுக்கு 110; எண் குறைந்ததே டேபிளில் ஏறும். தொழிற்சாலைக்குள் நான்கு தாவல்கள் தள்ளி இருக்கும் 10.20.30.0/24-ஐ முதல் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃபுக்குள் அறிவிக்கிறது. இரண்டாவது ரவுட்டருக்கு அந்த நெட்வொர்க் ரிப் வழியாகவும் தெரியும். ஆனால் 110 என்பதால் ஓஎஸ்பிஎஃப் சொல்வதையே ஏற்கிறது. பிறகு அதை மெட்ரிக் 1 என்று ரிப்புக்குள் திரும்ப ஊற்றுகிறது. நான்கைவிட ஒன்று சிறியது என்பதால், அருகிலுள்ள தொழிற்சாலை ரவுட்டர்கள் உண்மையான வழியை விட்டு இந்தப் பொய்யான வழியைப் பற்றுகின்றன. பாக்கெட்டுகள் சுழலத் தொடங்குகின்றன.

இதற்கு மருந்து, ரூட்டின் மீது ஒட்டும் அடையாள எண்ணான டேக். ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃபுக்குப் போகும் ஒவ்வொரு ரூட்டின் மீதும் 120 என்ற டேகை இட்டு, ஓஎஸ்பிஎஃபிலிருந்து ரிப்புக்கு வரும் ரூட்டுகளுக்கான ரூட் மேப் என்ற விதிப்பட்டியலின் முதல் வரியில் அந்த டேகை மறுக்க வேண்டும். எதிர்த்திசைக்கு வேறொரு டேகைக் கொண்டு அதையே செய்ய வேண்டும். ஓஎஸ்பிஎஃப் டேக் 32 பிட், ரிப் இரண்டாம் பதிப்பின் டேக் 16 பிட். ஆகவே 65535-க்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ரிப் முதல் பதிப்பில் டேகே கிடையாது. டேக் சுழற்சியைத் தடுக்குமே தவிர, இரண்டாவது ரவுட்டர் சுற்றுவழியைத் தேர்வதைத் தடுக்காது. அதற்கு, ஓஎஸ்பிஎஃபின் வெளி ரூட்டுகளுக்கு மட்டும் நம்பக எண்ணை 120-க்கு மேல் ஏற்ற வேண்டும்.

வடிகட்டும் பட்டியலை எழுதும்போது நேரும் பிழைகள் சிறியவை, விளைவுகள் பெரியவை. பிரிஃபிக்ஸ் லிஸ்டில் 0.0.0.0/0 என்று மட்டும் எழுதினால் அது டிஃபால்ட் ரூட்டை மட்டும் குறிக்கும், 0.0.0.0/0 எல்இ 32 என்று எழுதினால் உலகின் எல்லா ரூட்டுகளையும் குறிக்கும். பட்டியலின் முடிவில் எழுதப்படாத மறுப்பு ஒன்று இருப்பதை மறந்து, ஒரே ஒரு ரூட்டைத் தடுக்க நினைத்தவர் அனைத்தையும் தடுத்துவிடுவதும் உண்டு.

ஓஎஸ்பிஎஃபில் உள்வரும் திசையில் டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் என்ற வடிகட்டியைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நம்புவதையும் இங்கே சொல்ல வேண்டும். அது அந்த ஒரு ரவுட்டரின் டேபிளில் ரூட் ஏறாமல் தடுக்கும். ஓஎஸ்பிஎஃபின் அறிவிப்பான எல்எஸ்ஏ தொடர்ந்து பரவும். அதற்குப் பின்னால் இருக்கும் ரவுட்டர்கள் அந்த ரூட்டை நம்பிப் பாக்கெட்டை இதனிடம் அனுப்பும், இதற்கோ வழி தெரியாது. ரீடிஸ்ட்ரிபியூஷன் நடக்கும் எல்லை ரவுட்டரில் வடிகட்டுவதே முறை. கிளை அலுவலகத்துக்கு டிஃபால்ட் ரூட் மட்டும் போதுமென்றால், ‘நோ-சம்மரி’ என்று சேர்த்து அமைத்த ஸ்டப் ஏரியா (வெளி ரூட்டுகள் நுழையாத ஓஎஸ்பிஎஃப் பிரிவு) இருக்கிறது. தனக்குள்ளிருந்தே வெளி ரூட்டுகளை நுழைக்கக்கூடிய என்எஸ்எஸ்ஏ வகை ஏரியாவிலோ, நோ-சம்மரி சேர்க்காதபோது டிஃபால்ட் ரூட் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும்.

பிஜிபியின் முழு டேபிளை ஓஎஸ்பிஎஃபுக்குள் ஊற்றவே கூடாது. இன்று ஐபிவி4 டேபிளில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டுகள் உள்ளன. எதிர்த்திசையில் வடிகட்டியின்றி வெளியேறும் ரூட்டோ, பிறரையும் வீழ்த்தும். 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபை நாட்டுக்குள் மட்டும் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் உருவாக்கிய 208.65.153.0/24 என்ற ரூட் வெளியே கசிந்தது. அதன் மேல்நிலை நிறுவனமும் வடிகட்டாததால், யூடியூப் அறிவித்திருந்த, அகலமான /22-ஐவிடக் குறிப்பான அந்த ரூட்டை (குறிப்பான ரூட்டே முந்தும்) உலகம் ஏற்றது, யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் கிடைக்காமல் போனது. வடிகட்டும் கொள்கை எழுதப்படாத வெளி பிஜிபி உறவில் எந்த ரூட்டையும் ஏற்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது என்று 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இன்டர்நெட் தர ஆவணம் விதித்தது. பழைய கருவிகள் பலவற்றில் இந்த இயல்பு இல்லாததால், பிஜிபி உறவை எழுப்பும் முன் இரு திசைகளிலும் பிரிஃபிக்ஸ் லிஸ்டை நாமே எழுதிவிட வேண்டும்.

மாற்றம் செய்த இரவிலேயே சோதனையும் நடக்க வேண்டும். நம் ரவுட்டரின் போர்ட்டை அணைத்துச் சோதிப்பது உண்மையான பழுதைக் காட்டாது; மீடியா கன்வெர்ட்டருக்கு அப்பால் உள்ள ஃபைபரைக் கழற்றிவிட்டு, இரண்டு தாவல்கள் தள்ளி இருக்கும் ரவுட்டரில் 0.0.0.0/0 மறைகிறதா, மாற்று ரவுட்டரின் பெயரில் மீண்டும் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐபிவி6 ஓடும் நெட்வொர்க்கில் அதன் டிஃபால்ட் ரூட்டான ::/0-க்கும் இதே சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும், ஏனெனில் ஐபிவி4-க்கு எழுதிய வடிகட்டி எதுவும் அதைத் தொடாது.